சாக்கெங் போகும் வழி

தெலுக் பிளாங்காவில் ஒன்பதாம் மாடி.
என் கதவுக்கு எதிர்க்கதவு மெராவி.
எனக்கு இழுவைப் படகில் வேலை:
ஊரெல்லாம் எரித்த குப்பையின் சாம்பலைத்
துவாஸிலிருந்து இரவோடு இரவாகத்
தீவில் கொண்டுபோய்க் கொட்டுவது.
அந்தத் தீவில்தான் பிறந்தாராம்.
விஷயம் தெரிந்த நாளிலிருந்து லிஃப்டில்
அவர் மாடி எண்களைப் பார்ப்பார்,
நான் என் செருப்பைப் பார்ப்பேன்.
இப்படி இரண்டு வருஷம்.

அடையாள அட்டை அவரை மலாய்க்காரர் என்கிறது.
"ஓராங் லாவுட்" என்பார் அவர்,
கடல் என்ற சொல் வரும்போது மட்டும்
குரலைக் கொஞ்சம் இறக்கி,
பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல்.

ஒருநாள் அவராகவே ஒரு கரண்டு பில்லை நீட்டினார்.
பின்பக்கம் ஒற்றைப் பென்சில் கோடு
விளிம்புவரை போய், யோசித்து, வளைந்து திரும்பியது.
"பாம்பா?"
"தண்ணீர். ஏழாம் பிறை. வற்றம்."

பிறகு தினம் ஒன்று.
நம்பர் சீட்டின் முதுகில், மருந்துப் பையில்,
கிழித்த காலண்டர் தாளில்.
திருக்கை படுக்கும் மணல்,
பவளத்திட்டில் படகு இடறும் இடம்,
ஓட்டம் திரும்புவதற்குச் சற்று முன்
நீர் தன் தோலைச் சுருக்கிக்கொள்ளும் விதம்.
தீவை மட்டும் வரையவே இல்லை.
சுற்றிலும் கடலை நெருக்கி நெருக்கிப் போட
நடுவில் மிஞ்சிய வெறுந்தாள்தான் சாக்கெங்.

சமூக மன்றத்துப் பெண் பன்னிரண்டை வாங்கிப்போய்க்
கண்ணாடி போட்டு மாட்டினாள்.
ஒன்று தலைகீழ்.
திறப்பு விழாவன்று அதன் முன் நெடுநேரம் நின்றார்.
"சொல்லட்டுமா?" என்றேன்.
"வேண்டாம். வற்றம் ஏற்றமாகிவிட்டது, அவ்வளவுதான்.
ஆறு மணி நேரத்தில் தானாகத் திரும்பும்."

அன்றிரவுதான் பார்த்தேன்.
தாழ்வாரத்துக் குப்பைக் குழாயைத் திறந்து
அன்றைய படத்தை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.
பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.
"இதில் போட்டது எங்கே போகும்?" என்றார்.
அவருக்குத் தெரியாததில்லை.
இருந்தாலும் பழைய பஸ் கண்டக்டரைப்போல்
ஒவ்வொரு நிறுத்தமாகச் சொன்னேன்:
லாரி. உலை. சாம்பல். துவாஸ். என் படகு.
"எத்தனை நாள்?"
"நாலு. மிஞ்சினால் அஞ்சு."
"பரவாயில்லையே.
இத்தனை நாள் உன்னைக்
குழி மூடுகிறவன் என்று நினைத்தேன்.
நீ தபால்காரன்."

நான் சாம்பலைக் கிளறிப் பார்த்ததில்லை.
ஈரமாக, எல்லாம் ஒரே நிறம்.
யாருடைய மெத்தை, யாருடைய கோடு என்று
அது பிரித்துச் சொல்லாது.

போன வாரம், ஏழாம் பிறை.
தீவை நெருங்கையில் நீர் தோலைச் சுருக்கியது.
என் கை தன்னால் போய்
இழுவைக் கயிற்றை ஒரு பாகம் தளர்த்திவிட்டது.
மறுகணம் ஓட்டம் பக்கவாட்டில் அடித்தது.
கயிறு முனகியது, அறுபடவில்லை.
கேப்டன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"எப்படித் தெரியும்?"
"கரண்டு பில்லில் போட்டிருந்தது."

காலையில் வீடு திரும்பினால்
குழாய் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி மெராவி,
தாள் அடி தொடும்வரை காதைக் கொடுத்து.
இன்றைக்கு என்ன படம் என்றேன்.
"உன் படகு," என்றார்.
"சின்னதுதான். மூலையில்."