கோட்டுக்கு இடம் பார்த்தல்

பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
பைக்கை நிறுத்தி
மேகத்தைப் பிடிக்கப் போய்
கையிலிருந்து நழுவியது போன்.
திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.
பின்பக்கம், கேமராக் கண்ணாடியின் மேல்
நொய்யரிசி அளவு ஒரு கீறல்.

அன்றிலிருந்து எடுக்கிற எந்தப் படத்திலும்
மேல் மூலையிலிருந்து சற்று இறங்கிச்
சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

"ஆயிரத்தெண்ணூறு ஆகும்ங்ணா" என்றான்
புது பஸ் ஸ்டாண்டு மாடிக்கடை குமரகுரு.
சம்பளம் வரட்டும் என்றேன்.
மூன்று சம்பளம் வந்து போய்விட்டது.

அதற்குள்
கோட்டுக்கு இடம் பார்க்கப் பழகியிருந்தேன்.
காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் வரிசையில்
போனைக் கொஞ்சம் சாய்த்து நட்டுவைத்தேன்.
மரம் பதினொன்று, படத்தில் பன்னிரண்டு.
கிளியூர் அருவியில் ஓர் இழையாக விட்டேன்.
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சாயங்காலம்
மழையோடு மழையாக அதுவே பெய்துகொண்டது.
பனி மூடிவிட்டால்
அதற்கும் எனக்கும் லீவு.

முகங்களிடம்தான் தோற்றேன்.
சகாயமேரி மகனின் ஞானஸ்நானத்தில்
நேராகப் பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது.
என்ன இது கோடு என்றாள்.
ஜன்னல் வெயில் என்றேன்.
அவள் நம்பினாள்.
அதோடு விடாமல் மாமியாரிடம் காட்டினாள்:
"பாருங்க, அத்தனை பேர் இருந்தும்
வெளிச்சம் இவன் மேலதான் விழுந்திருக்கு."
பிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார்கள்.
அந்த வீட்டுக்குப் போனால்
டிவிப் பக்கம் திரும்பி உட்காருகிறேன்.

நேற்று ராத்திரி லேடிஸ் சீட்டில்
கம்பியில் முழங்கையை ஊன்றி
மூச்சை நிறுத்தி, நைட் மோடில் நான்கு நொடி.
கீழே சேலம் கொட்டிக் கிடந்தது.
வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால்
அம்மாபேட்டையிலிருந்து கன்னங்குறிச்சி வரை
விளக்குப் போட்ட ஒரு தெரு,
குறுக்கே, நூல் பிடித்த மாதிரி.
சேலத்தில் அப்படி ஒரு தெரு கிடையாது.
நேராக எந்தத் தெருவுமே கிடையாது.

விரலால் அதில் நடந்து பார்த்தேன்.
ஒரு கல்யாண மண்டபத்தை நடுவில் பிளந்து
பந்தி நடக்கும்போதே தாண்டுகிறது.
மூக்கனேரியில்
தண்ணீர் மேலேயே போகிறது.
ஸ்பீடு பிரேக்கர் இல்லை, சிக்னல் இல்லை,
எங்கள் மொட்டை மாடிக் கொடிக்கயிற்றை
உரசினாற்போல் ஒரு திருப்பம்கூட இல்லாமல்
நேரே.

காலையில் குமரகுரு கூப்பிட்டான்.
கண்ணாடி வந்துவிட்டதாம்.
வருகிறேன் என்றேன்.
எந்த வழியாக என்று
அவனும் கேட்கவில்லை.