பதினொரு நடை

ஆறடி நிலம் போதும் மனிதனுக்கு என்பார்கள்.
ஸ்கின்னர் துறையில் அது பேராசை.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில்
இரண்டடி தோண்டினால் பாறை,
மூன்றாவது அடியில் கடப்பாரை வளையும்.

முதலில் செத்தது ஊர்க்காரன் இல்லை.
அலை கொண்டுவந்து போட்ட ஒரு மாலுமி.
பித்தான்களில் நங்கூரம் இருந்தது, பெயர் இல்லை.
இரண்டு நாள் யோசித்தார்கள்.
பிறகு ஒபதாயா பார்டி எதிர்க்கரைக்குத் துடுப்புப் போட்டு
மீன் கூடைகளில் மண் ஏற்றி வந்தான்,
பதினொரு நடை.
கீரை போடக்கூட ஒரு பிடி மண் இல்லாத ஊர்
முதன்முதலாக மண் தேடியது
யாரோ ஒருவனுக்காக.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.
கல்யாணமான கையோடு ஆண்கள்
தங்கள் பங்கைக் கொண்டுவந்து குவித்தார்கள்,
வீட்டுக்குப் பின்னால், பழைய பாய்த்துணி போட்டு மூடி.
கெஸாயா டர்ன்ஃபோர்ட் மட்டும்
புருஷன் குவித்ததில் உருளைக்கிழங்கு நட்டாள்.
சாகிறவரை சும்மா கிடப்பானேன் என்றாள்.
தொண்ணூற்றிரண்டு வயது வரை அறுவடை.

விஷக்காய்ச்சல் வந்த வருஷம் நான்கு குழந்தைகள்,
ஒரே வாரத்தில், பிப்ரவரியில்.
கடல் உறைந்து படகு நகரவில்லை.
உப்புக் கிடங்கில் வைத்தார்கள், ஏப்ரல் வரை.
அந்த வருஷத்து உப்பை என்ன செய்தார்கள் என்று
நான் யாரையும் கேட்டதில்லை.

வடக்கு வரிசையில் பதினேழு கல்.
அடியில் ஒருவரும் கிடையாது.
கடலோடு போனவர்களுக்குக் கல் மட்டும்தான் செலவு.

அறுபத்தேழில் அரசாங்கக் கடிதம்:
அக்கரைக்கு வாருங்கள், பள்ளிக்கூடம் உண்டு,
மின்சாரம் உண்டு, தலைக்கு இவ்வளவு பணம்,
எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.
எலியாக்கிம் எழுந்து கேட்டான்:
மேட்டில் நூற்று நான்கு பேர் இருக்கிறார்களே,
அவர்கள் கையெழுத்து?
அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டார்.
எலியாக்கிம் மகளுக்கு அப்போது சிறுநீரகக் கோளாறு,
ஆஸ்பத்திரி அக்கரையில்.
கடைசியாகக் கையெழுத்திட்டவன் அவன்.

வீடுகளுக்கு எண்ணெய்ப் பீப்பாய்கள் கட்டி
தண்ணீரில் இழுத்துப் போனோம்.
எனக்கு ஏழு வயது.
எங்கள் அடுக்களை ஜன்னலில் திரைச்சீலை,
யாரோ உள்ளே இருப்பதுபோல, ஆடிக்கொண்டே போனது.
வீடு நின்ற இடத்துக்குப் பின்னால்
அப்பாவின் குவியல். அதை எதில் மிதக்கவிடுவது?

இப்போது ஜூலைதோறும் போகிறேன், புல் வெட்ட.
வேலிக்கு ஒரு டப்பா வெள்ளை. கைநிறையக் கொசுக்கடி.
லீண்டர் படகோட்டுவான், இறங்க மாட்டான்,
முழங்கால் வலி என்பான்.

போன ஜூலையில் கிழக்குச் சரிவு இரண்டடி குறைந்திருந்தது.
ஓரத்தில் இருப்பவன் அந்த மாலுமி.
புல்வேர்களுக்கிடையில் ஒரு பித்தான்,
நங்கூரம் தேய்ந்து வெறும் கொக்கியாக.
கொண்டுவந்து போட்ட கடலே
கூடை கூடையாகத் திருப்பி எடுக்கிறது.

அப்பா அக்கரையில் படுத்திருக்கிறார்,
யந்திரம் தோண்டிய முழு ஆறடியில், தாராளமாக.
அவருடைய பங்கு இங்கே அப்படியே இருக்கிறது,
மேலே ஊதாப் பூக்களும் நெட்டிலும் மண்டி.
மண்வெட்டியை வைத்து ஒரு நிமிஷம் நின்றேன்.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது,
கருமி என்றுதான் ஊரில் பெயர்.

நான்கு தள்ளுவண்டி போட்டேன்.
பித்தானையும் உள்ளே வைத்தேன்.
ஐந்தாவது நிரம்பும்போது
லீண்டர் கீழிருந்து கத்தினான், காற்று திரும்புகிறதென்று.

வண்டியை அங்கேயே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
இன்னும் ஏழு நடை.