இடது பாதப்பலகை

விரித்தால் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
மடித்தால் முப்பத்தொன்று.
சக்கரங்களைக் கழற்றிவிட்டால்
ஒரு பெரிய சூட்கேஸ், அவ்வளவுதான்.
இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

திபிலீசியில் யாரும் கேட்கவில்லை.

கைப்பேசி வரைபடத்தில் எறும்பாக ஊர்ந்து
ஐந்து நிமிடம், நான்கு நிமிடம்,
தெருமுனை,
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம்,
என் முகத்திலிருந்து சக்கரத்துக்கு இறங்கும் பார்வை.
பிறகு
பயணம் ரத்து.

யுர்கிதா சொன்னாள்:
நாற்காலியை மரத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்போம்,
நீ நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
ஐஸ்கிரீம் தின்னு,
கால் வலிக்க ஊர் சுற்றிய புருஷன் மாதிரி.

செய்தோம்.
வெட்கமாக இருந்தது.
ஐஸ்கிரீம் நன்றாக இருந்தது.

இந்த ஊர் டிக்கிகளைப் பற்றி
கவுனாஸில் எங்களுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.
பாதி இடத்தில் எரிவாயு உருளை
வந்து தங்கிவிட்ட மைத்துனன்போலக் கால்நீட்டிப் படுத்திருக்கிறது.
மீதியில் ஸ்டெப்னி, ஒயின் கேன்,
ஒருமுறை ஒரு கார்பரேட்டர், ஒருமுறை தூங்கும் பூனை.

கோச்சா என்பவர் மட்டும் மல்லுக்கு நின்றார்.
நடுவிலுள்ள பொத்தானை அமுக்கி இழுங்கள் என்றேன்.
அவர் திருகினார்.
எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழி
பள்ளியில் இருபது வருடம் முன்பு படித்தது,
அதில் பொத்தான் இல்லை, சட்டைப் பொத்தான்தான் இருந்தது.
கடைசியில் நாற்காலி பின்னால் போனது,
ஒரு சக்கரம் யுர்கிதா மடியில்,
இன்னொன்று முன் இருக்கையில்.
யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்து
கார் கத்த ஆரம்பித்தது,
பீப், பீப், பீப்.
கோச்சா பெல்ட்டை இழுத்துச் சக்கரத்துக்குப் போட்டுவிட்டார்.
கார் அமைதியானது.
காலையில் மிதித்த நாய்ப்பீ
அந்த டயரில் இன்னும் இருந்தது.
நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மல்காஸ்.
டிக்கியைத் திறந்தார். பதினொரு தர்ப்பூசணி.
சம்பந்தி வீட்டுக்காம்.
பழங்களைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், மறுபடி பழங்களை.
ரத்து செய்வார் என்று யுர்கிதா கைப்பேசியை எடுத்தாள்.
அவர் சட்டைக் கையை மடித்தார்.

ஐந்து முன் இருக்கைக்கு. மூன்று யுர்கிதா காலடிக்கு.
மூன்று என் மடிக்கு.
பழம் இருந்த இடத்தில் நாற்காலி,
நாற்காலியில் இருந்த நான் பழங்களுக்கு நாற்காலி.
தொடையில் எனக்கு எதுவும் உறைக்காது.
வயிற்றில் பட்ட பக்கம் குளிர்ந்தது.

வளைவுகளில் கதவைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்.
அன்று பழத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எப்படி ஆனது, எத்தனை வருடம், பிறவியிலேயா
என்று அவர் கேட்கவில்லை.
கவுனாஸில் பெட்ரோல் என்ன விலை என்று கேட்டார்.
சொன்னேன்.
ஒரு நீண்ட கெட்ட வார்த்தை சொன்னார்,
என்ன மொழி என்று தெரியாமலே புரிந்தது.

விடுதியில் நாற்காலியை விரித்தபோது
இடது பாதப்பலகை இல்லை.
இரண்டு நாள் என் இடது கால்
யுர்கிதாவின் பச்சைத் துப்பட்டாவில் தொங்கியது.
பழைய ஊரின் கூழாங்கல் தெருக்களை
வரவேற்பறை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

சனிக்கிழமை மல்காஸ் வந்தார்,
அக்குளில் பாதப்பலகை.
உருளைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம்.
மன்னிப்புக்குப் பதிலாக
அது போய்வந்த இடங்களை விரல்விட்டு எண்ணினார்:
விமான நிலையம் இரண்டு தடவை.
மலைமேல் மடாலயம்.
ஒரு கல்யாணம்.
கந்தகக் குளியல் தெரு.
நள்ளிரவில் ஒரு கர்ப்பிணி, மருத்துவமனை வாசல்வரை,
பெண் குழந்தை என்று பிறகு போன் வந்தது.

கிளிக் என்று பொருந்தியது.
கீலில் ஒரு துணுக்கு வெள்ளை ரிப்பன் சிக்கியிருந்தது.
யுர்கிதா பிடுங்கப் போனாள்.
விடு என்றேன்.

அன்று மாலை நாங்கள் கூப்பிட்ட கார்
தெருமுனைவரை வந்து
திரும்பிப் போனது.