இரண்டு நெடில், ஒரு குறில்

வடக்கு டகோட்டா. ஒலிநாடா ஏழு, மறுபக்கம்.
ஓலினே த்வைத் பேசுகிறார்:

கம்பம் நட மரம் ஏது அந்தப் புல்வெளியில்?
வேலியின் முள்கம்பியிலேயே தொலைபேசி.
எங்கள் மணி இரண்டு நெடில், ஒரு குறில்.
யாருக்கு அடித்தாலும்
பதினோரு வீட்டிலும் எடுப்போம்.
வெட்கமா?
முட்டை விலையே அப்படித்தான் தெரியும்.

மழை பெய்தால் கம்பி ஊமை.
ஹௌகன் வீட்டுப் பசு முதுகைச் சொறிந்தால்
பாதிப் பேச்சு போச்சு.

மகன் இறந்த இரவு
கைப்பிடியைச் சுற்றினேன்.
வார்த்தை வரவில்லை.
ஒருவரும் வைக்கவில்லை.
யார் வீட்டிலோ கடிகாரம்,
யார் வீட்டிலோ கெட்டில் கொதித்து அடங்கியது,
கிழவர் லுண்டின் இருமல்
விடியும்வரை.

நாடாவில் இங்கே
நாற்பது நொடி வெறும் இரைச்சல்.

பிறகு,
"இது இன்னும் ஓடுகிறதா?
சரி. கோதுமை பற்றிக் கேட்டீர்களே."