கரையிறங்காதோர்

மாலைதீவில் கடல் கொந்தளித்ததால்
கப்பல் எங்களிடம் திரும்பியது.
முதல்நாள் இரவு மின்னஞ்சல்:
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாலு பயணிகள்,
காலை ஆறுக்கு வந்து மாலை ஆறுக்குப் புறப்பாடு,
ஆவன செய்யவும்.

ஆவன செய்கிறவன் நான்.
கப்பல் முகவர் கந்தோரில் பதினொரு வருஷம்.
கக்கத்தில் பட்டியல், பையில் மூன்று பேனை,
குடிவரவு அதிகாரி விதானகேக்கு
சீனி போடாத பிளேன்டீ ஒரு போத்தல்.

ஏழாம் தளத்து நடன மண்டபத்தில் மேசை போட்டோம்.
இறங்கி ஏறுகிறவருக்கு ஒரு பகல் அனுமதி.
இரவு தங்கினால் வேறு படிவம், வேறு காசு.
இங்கேயே இறங்கி விமானம் பிடிப்பவர்
அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கவும்.
புதுசாய்க் கலியாணம் கட்டிய ஒருவனுக்கு
கடவுச்சீட்டு காலாவதியாக
ஆறு மாதத்துக்கு இருபது நாள் குறைச்சல்.
அவன் கெஞ்சிக்கொண்டிருக்க
அவள் யானை பார்க்கிற பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கப்பலைவிட்டு இறங்காதவருக்கு
எதுவுமே தேவையில்லை.
அவர்கள் வரவில்லை என்றுதான் கணக்கு.

பட்டியலில் ஆயிரத்து நானூற்றி ஏழு:
தவமலர் கனகலிங்கம்.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
கொழும்பு.
நீட்டியது கடவுச்சீட்டு அல்ல,
ஏதோ ஒரு பனிநாடு கொடுத்த
நீலநிற அகதிப் பத்திரம்.
உள்ளே ஒரு வரி அச்சாகியிருந்தது:
எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும்,
ஒன்றைத் தவிர.

விதானகே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மீண்டும் மாட்டி மீண்டும் வாசித்தார்.
பிறகு தனக்குத் தெரிந்த தமிழில்,
என்னைப் பார்த்தே:
"எறங்க வேணாம் சொல்லுங்க.
பாக்கலாம்.
பாக்க விசா இல்ல."

"நான் மாலைதீவுக்குத்தான் வந்தனான்" என்றார் அவர்.
"மகன் அறுபதுக்கு வாங்கித் தந்த டிக்கட்.
இங்க வரக் கேக்கேல்ல."
யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்குப் பிறகு
கப்பலில் நீச்சல்குளத்துத் தண்ணீர் மட்டும் அசைந்தது.
நான் எண்ணிக்கை சரிபார்த்துக்கொண்டு போகையில்
தளத்து வேலியில் சாய்ந்து நின்றார்.
பாரந்தூக்கிகளுக்கு நடுவே
சாம்பல் நிறத்தில் ஒரு குவிமாடம்.
"அது லூசியா கோயிலோ?"
ஓம் என்றேன்.
அதற்குப் பின்னால் மூன்றாம் ஒழுங்கையில்தான்
நான் வாடகைக்கு இருக்கிறேன் என்று
சொல்லவில்லை.
ஏன் சொல்லவில்லை என்று
இன்னும் பிடிபடவில்லை.
"தண்ணி இப்பவும் விடிய நாலு மணிக்கோ வருது?"
"இல்ல அக்கா, இப்ப நாள் முழுக்க."
அதைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்ததுபோல் இருந்தது.

மூன்றரைக்கு, ஏணிப்படித் தலைப்பில்
காற்று வாங்க நின்றவரின் செருப்பு ஒன்று
கழன்று விழுந்தது.
காற்றும் இல்லை, கப்பல் ஆடவும் இல்லை.
படியில் இரண்டு தரம் பட்டு
நேரே துறைமுகத்துச் சீமெந்தில்.
காவலாளி குனிந்து பார்த்தான்.
தொடவில்லை.
மேலே பார்த்து, சிரிக்காமல்,
"விசா தியெனவத?" என்றான்.

நான் இறங்கினேன்.
இடக்கால் செருப்பு, தோல், வார் தேய்ந்தது.
அடியில் கரித்தூசி,
ஈரமான ஒரு துண்டு ஓலை.
தட்டிவிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.
தட்டாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
வாங்கியவர் காலில் போடவில்லை.
கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினார்.
ஒரு காலில் செருப்போடு
லிஃப்டுக்கு நடந்து போனார்.

கடைசி பஸ் ஐந்தேகாலுக்குத் திரும்பியது.
யானை பார்த்தவளும் திரும்பினாள்,
கணவனுக்கு ஒரு தொப்பியோடு.
அறிக்கை எழுதினேன்:
இறங்கியோர் இரண்டாயிரத்து எழுபத்து மூன்று.
இறங்காதோர் நாற்பத்தொன்று.
குறிப்புகள் என்ற கட்டத்தில்
பேனையை வைத்தேன், எடுத்தேன்.
விதானகே போத்தலைக் கவிழ்த்துக் காட்டினார்,
தேத்தண்ணி முடிந்துவிட்டது.
"இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.