அரைப்பேர்

நாவலப்பிட்டியில் மழை, ஒன்பதாம் நாள்.
வாட்டுக்குள் ஈரச் சேலை வாடையும் டெட்டோல் வாடையும்
ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருக்கின்றன.
பதினான்காம் கட்டில்:
ஞானசௌந்தரி, நாற்பத்தாறு, கொழுந்துக்காரி.
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒன்பது.

நகத்தைப் பார்த்து என்ன சொல்வீர்கள்,
எக்கநாயக்க சேர் கேட்கிறார்.
ஒன்றும் சொல்லமுடியாது, சேர்.
கொழுந்துக் கறை ஏறிய நகம்
வெளிறினாலும் காட்டிக்கொடுக்காது.
கரண்டிபோல் குழிந்திருப்பது மட்டும்
தடவினால் தெரிகிறது.
கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன்.
அடித்துத் துவைத்து நிறம்போன துணி.

அவள் இரத்தத்தை முந்தாநாளே
நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டேன்.
பொடிப் பொடி அணுக்கள், நடுவே வெறிச்சென்று,
ஓரத்தில் பேருக்கு ஒரு சிவப்பு.
புத்தகம் இதற்கு வைத்திருக்கும் பெயரைச் சொல்லிமுடிக்க
ஒரு மூச்சு போதாது.
அவள் வைத்திருக்கும் பெயர் கிறுகிறுப்பு.
"மேட்டு மலை ஏறுறப்ப
நெஞ்சுக்குள்ள யாரோ ஓடுறாங்க."

மூன்று மாதமாய் இரும்பு மாத்திரை.
கொக்கிப்புழுவுக்கும் கொடுத்தாயிற்று.
ஏறவேயில்லை.
இவர்கள் விழுங்குவதில்லை என்கிறார் சேர்,
வானிலை அறிக்கை வாசிப்பதுபோல்.
எட்டுத் தலைகள் ஆடின.
ஒன்று என்னுடையது.

பகல் ஒரு மணிக்குத் தனியே திரும்பி வந்தேன்.
அக்கா, மாத்திரை போடுறீங்களா?
"போடாம? கறுப்பாப் போகுதே.
அப்ப உள்ள போயிருக்குதானே."
மருந்தியல் வகுப்பில் என் பக்கத்தில் தூங்கியவர்கள்
இவ்வளவு தெளிவாய்ச் சொல்லமாட்டார்கள்.
எதோட போடுறீங்க?
"காலையில சாயத்தண்ணியோட.
ரொட்டியும் அதுவுந்தானே."

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
மஞ்சள் மையால் நான் கோடிட்ட வரி:
தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும்.
குடல் வாசல்வரை வந்து
உள்ளே நுழையாமல்
இரண்டும் சேர்ந்தே வெளியேறும்.
பரீட்சையில் அதற்கு இரண்டு புள்ளி.

சொன்னேன்.
கொஞ்ச நேரம் சேலைன் போத்தலையே பார்த்தாள்.
"தராசுல தண்ணிக்குன்னு மூணு கிலோ கழிப்பாங்க.
வயித்துக்குள்ளயும் கழிக்குதா?"

பச்சைத் தண்ணியில போடுங்க,
ஒரு மணித்தியாலம் கழிச்சு சாயத்தண்ணி குடிங்க.
"நல்லாத்தான் இருக்கு.
வெறும் வயித்துல போட்டா எரியுது.
ரொட்டி சுட்டு, புள்ளைய அனுப்பி,
ஏழரைக்குப் பிரட்டுக்களத்துல நிக்கணும்.
மாத்திரைக்காகப் பிந்தினா
அரைப்பேர்."

அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி என்று
சேருக்கு யார் சொல்வது?
கட்டில் தலைமாட்டில்
அவள் பேர் முழுசாகத்தான் தொங்குகிறது.

ராவைக்குச் சோத்தோட? தேசிக்காய் புழிஞ்சு?
"தேசிக்காய் வெல தெரியுமா உங்களுக்கு?"
தெரியாது.
"லயத்துக்குப் பின்னால ஒரு கொய்யா நிக்குது.
புள்ளைக விட்டுவச்சா பார்ப்போம்."
கொய்யாவும் உதவும் என்றேன்.
எந்தப் பக்கத்தில் என்று நினைவில்லை.

முதலாம் வருடம் எங்கள் விரல்களையே
குத்திப் பார்க்கச் சொன்னார்கள்.
துலாரிக்குப் பதின்மூன்று.
ஷிஃபானாவுக்குப் பன்னிரண்டரை.
எனக்கு ஒன்பது புள்ளி நான்கு.
குழாயில் ஏதோ பிழை, மறுபடி செய் என்றார்கள்.
செய்தேன். ஒன்பது புள்ளி மூன்று.
கொப்பியில் பதினொன்று என்று எழுதினேன்.

அவளுடைய குறிப்பேட்டில் இன்று,
"மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்ற வரிக்குக் கீழே,
என் கையெழுத்தில்:
எடுக்கிறார். தேநீருடன். தினமும்.
சேர் வாசிப்பாரா தெரியவில்லை.

இரவு, விடுதி.
மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு
மேசையில் கேத்தலை மூடி வைத்திருக்கிறேன்.
எனக்குப் பிரட்டு இல்லை, பிள்ளை இல்லை,
ஏறுவதற்கு மலையும் இல்லை.
ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பதுதான் வேலை.
கண்ணாடியில் மழை.
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
ஏழு நிமிடந்தான் போயிருக்கிறது.