இரண்டு டிகிரி

அங் மோ கியோவில் எங்கள் காப்பிக்கடை,
மின்விசிறி சுழலாத மூலையில் கடைசி மேசை.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்து.
கைப்பேசியில் காட்டக் கூடாது,
அச்செடுத்துத்தான் வர வேண்டும்.
ஈரம் துடைக்காமல் மேசையில் படத்தை வைத்தவர்
அன்றைய தேநீருக்கெல்லாம் பணம் கட்ட வேண்டும்.

சிக்கந்தருக்கு இந்த முறையும் நீர்நாய்தான்.
காலாங் ஆற்றோரம், வாயில் பாதி மீன்.
"மீன் செதில் எண்ணலாம் போல இருக்கு,
உன் நீர்நாய்க்குத்தான் கண்ணே தெரியல"
என்கிறாள் புஷ்பலீலா.
அவன் தலையாட்டிக்கொண்டே
அடுத்த நீர்நாயை எடுத்து வைக்கிறான்.

அவள் கொண்டுவந்தது
மழை விட்ட பின் ஈரச்சந்தையின் பின்வாசல்.
நல்ல படம். அது எல்லோருக்கும் தெரிந்தது,
அதனால் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு அகஸ்டின்:
"ஓரத்துல அந்தக் குப்பைத்தொட்டிய வெட்டியிருக்கலாம்."
"குப்பைத்தொட்டிக்காகத்தான் எடுத்தேன்."

என் முறை.
இரவுப்பணி முடிந்து நின்ற விடியல்,
சாலையின் எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தம்.
என்னைப் போலவே எங்கிருந்தோ வந்த ஒருத்தி
ஒரு காலணியைக் கழற்றி
பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.
பேருந்து வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

பூவராகன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
படத்தை மூக்குவரை கொண்டுபோனார்.
"இடப்பக்கம் சரியுது. ரெண்டு டிகிரி.
போன மாசமும் இதே. அதுக்கு முந்தியும்."
அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முப்பத்தொரு வருடம் மின்தூக்கி பழுதுபார்த்தவர்.
தளத்துக்கும் பெட்டிக்கும் விரற்கடை வித்தியாசம் இருந்தால்
தள்ளுவண்டியோடு வருகிறவள் குப்புற விழுவாள் என்று
வந்த முதல் நாளே எங்களுக்குச் சொன்னவர்.
அவர் கேமராவின் தலையில் ஒரு குட்டி ரசமட்டம்;
குமிழி நடுவில் நிற்காமல் விரலை அழுத்தமாட்டார்.
அவர் படங்களில் தூண்கள், தாழ்வாரங்கள்,
வரிசையாகக் கதவுகள்.
எதிலும் ஒரு நூல் சாய்வு கிடையாது.
"ஆளே இல்லையே அண்ணே" என்றேன், கடுப்பில்.
"எல்லாரும் போற வரைக்கும் நின்னேன்" என்றார்,
பெருமையாக. "ஒண்ணேமுக்கால் மணி நேரம்."

அன்றிரவு குளியலறைக் கண்ணாடியில்
தற்செயலாகத்தான் பார்த்தேன்.
வலத்தோள் இடத்தோளைவிட இறங்கியிருந்தது.
இருபத்தாறு வருடமாக
படுத்த உடம்புகளைப் புரட்டிப்போட்ட தோள்.
எந்த வார்டில், யாரைத் தூக்கும்போது இறங்கியதோ.
எக்ஸ்ரே பார்க்கிறவர்களோடு தினமும் சாப்பிடுகிறேன்,
ஒருவர்கூடச் சொல்லவில்லை.
மூன்று அச்சுப் பிரதிகளை வைத்துக் கண்டுபிடித்தவர்
ஒரு மின்தூக்கிக்காரர்.
நேராக நின்று பார்த்தேன்.
வலித்தது.
குளியலறை முழுக்கச் சரிந்தது போலிருந்தது.

இதை அவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் மன்னிப்புக் கேட்பார்,
அடுத்த மாதம் என் படத்தைப் பார்த்து
"நல்லா இருக்கும்மா" என்பார்.
அதை எப்படித் தாங்குவது?

புதன்கிழமை, வேலைக்குப் புறப்பட்ட இரவு,
என் பதினோராம் மாடியில்
மின்தூக்கி தளத்துக்குக் கீழே இறங்கி நின்றது,
ஒரு கட்டைவிரல் அளவுக்கு.
கதவு மூடுவதற்குள் முட்டிபோட்டு எடுத்தேன்.
என்ன எழுதுவதென்று தெரியாமல்
படத்தை மட்டும் அவருக்கு அனுப்பினேன்.

உடனே பதில்:
எந்த புளோக்? அதுல ஏறாதே.

நான் ஏழாம் மாடிப் படியில் இருக்கும்போது
இன்னொன்று வந்தது:
வெளிச்சம் போதல.